கறுத்துக்கொண்டே வந்தவர்

என் கணவருக்குத் தாராவியில் ஒரு பை பட்டறையில் தோல் வெட்டும் வேலை. காசநோய் வந்து, மருந்தை முழுக்கச் சாப்பிட்டுக் குணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதன் பிறகுதான் அவர் கறுக்கத் தொடங்கினார். வெயிலில் நிற்கிற வேலையும் இல்லை. உள்ளங்கை ரேகைகள், ஈறுகள்கூடக் கறுத்தன. உடம்பு இளைத்தது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றியது. சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வார். ரகசியமாகக் குடிக்கிறார் என்று பட்டறையில் பேச்சு. அவர் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். வேறென்ன என்பதுதான் தெரியவில்லை.

செம்பூரில் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது ரயில்நிலையப் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மராத்தி டாக்டரம்மா அவர் உள்ளங்கையை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார். முன்பு டி.பி. வந்ததா என்று இந்தியில் கேட்டார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி இரண்டு சுரப்பிகள் உண்டாம். பழைய நோய் அவற்றை அரித்திருக்கலாம் என்றார். காலையில் ரத்தம் எடுத்து, சுரப்பியைத் தூண்டிப் பார்க்க ஒரு ஊசி போட்டு, மறுபடி எடுத்தார்கள். ஊசிக்குச் சுரப்பி அசையவே இல்லை. ஸ்கேனும் அதையே காட்டியது.

சுரப்பி சுரக்காததற்கு ஈடாக இனி ஆயுள் முழுக்க மாத்திரை. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாகப் போட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் அதே மருந்தை வீட்டிலேயே ஊசியாகப் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஊசி போட நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மாத்திரையில் அவர் தேறினார். உடம்பில் சதை பிடித்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, வயிற்றுப்போக்கும் வாந்தியும் பிடித்துக்கொண்டன. தண்ணீர்கூடத் தங்கவில்லை. பேச்சு குழறியது.

"செத்த நேரம் படுத்தா சரியாயிரும்ட்டி."

"படுக்கதெல்லாம் பொறவு. காலை நீட்டுங்க," என்றேன்.

மருந்தைக் கலக்கித் தொடையில் போட்டேன். டாக்சியில் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். சாயங்காலம் பசிக்கிறது என்றார். ஊசி தாமதமாகியிருந்தால் ரத்த அழுத்தம் விழுந்து பிழைப்பதே கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய அன்று இன்னொரு ஊசியைப் பட்டறையில் கொண்டுபோய் வைத்தார். பக்கத்து மேசைக்காரருக்குத் தன் தொடையைத் தொட்டுக் காட்டி, எங்கே குத்த வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தாராம்.