ஞாயிறு மட்டும் ஒழுகிய குழாய்

கால் வைத்த இடத்தில் தரைப்பலகை ஊறிய ரொட்டி போல அமுங்கியது. குழாய் மேஸ்திரியை நினைத்தால் முதலில் அந்த ஈரம்தான் உள்ளங்காலில் படுகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, ஐம்பத்து நான்கில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து ஊரைவிட்டுப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கிய கராவான் அது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. தொட்டித் தண்ணீர் ரப்பர் குழாய் வழியாகத் தரைக்குக் கீழே இறங்கும். கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த எனக்கு அதன்மேல் பைத்தியம். ஞாயிறு தவறாமல் சிநேகிதர்களோடு வீராம்பட்டினம் கடற்கரை. பெரியப்பா ஓட்டுவார், நான் சமைப்பேன்.

குழாய் ஒழுகியதும் மேஸ்திரி வந்தார். இணைப்பை இறுக்கி, தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, அடியில் காகிதம் விரித்துக் காட்டினார். "ஒரு சொட்டு இல்ல, பாத்துக்கோ தம்பி." வாரம் முழுக்க ஒழுகவில்லை. ஞாயிறன்று ஒழுகியது. மூன்று தடவை இதே கதை. மூன்றாம் தடவை அவர் தரையைச் சாண் போட்டு அளப்பதைப் பார்த்தேன். "இத விக்கிறதா இருந்தா சொல்லுங்க மெஸ்யே" என்று, ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, பெரியப்பாவிடம் சிரித்ததும் காதில் விழுந்தது. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பலகையை ஈரத்தில் மக்கவைத்து வண்டியை மலிவாகத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்! அதற்குப் பிறகு அவர் பையை மூடினாலும் சந்தேகம், திறந்தாலும் சந்தேகம்.

அந்தச் சமயம் கன்னியர் மடத்துப் பள்ளியில் குழாய் வேலைக்கு நிரந்தரமாக ஆள் தேடினார்கள். மேஸ்திரி மனுப் போட்டிருந்தார். ஆள் எப்படி என்று மடத்துத் தலைவி மதர் பெரியப்பாவுக்கு எழுதிக் கேட்டார்.

"வேணும்னே ஒழுக வைக்கிறாரு பெரியப்பா."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? தெரியலையா?"

பெரியப்பா மீசையைத் தடவினார். நம்பிச் சேர்க்க முடியாது என்று பதில் போயிற்று.

அடுத்த ஞாயிறு, குற்றத்தைக் கண்ணால் பிடித்துவிடும் வேகத்தில், சமையலைச் சிநேகிதனிடம் விட்டுவிட்டுக் கராவானுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். "சோறு வெந்துடுச்சுடா, எங்க வடிக்கிறது?" என்று மேலிருந்து கேட்டான். "எப்பவும் போல தொட்டியிலதான்!" என்றேன். வடித்தான். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி என் முழங்கையில் சொட்டியது. சூட்டில் இளகிய ரப்பர் இணைப்பிலிருந்து நழுவி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். ரொட்டி தின்கிறவர்களுக்காகச் செய்த வண்டி. கஞ்சியைத் தாங்கும் என்று யார் சொன்னார்கள்? என் அலறலுக்கு, "மீனுக்கு முன்னாடி நீ வெந்துட்டியேடா" என்று மேலே சிரித்தார்கள்.

மறுநாள் மடத்துக்கு ஓடினேன். கடலூரிலிருந்து ஒருவர் ஏற்கெனவே வேலையில் சேர்ந்திருந்தார். மேஸ்திரியிடம் போய், மடத்துக்குப் போன பதிலையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். "கஞ்சியா?" என்றார். "என்ன ஊத்தறீங்கன்னு நானாவது கேட்டிருக்கணும். பலக எத்தன வேணும்னுதான் அளந்தேன் தம்பி." அன்றே வந்து செம்புக் குழாய் போட்டார். என் எதிரே கொதிக்கும் கஞ்சியை ஊற்றச் சொல்லி, இணைப்புக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். கை நனையவில்லை. போய்விட்டார்.

இப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. போன மாதம் குழாய் வேலைக்கு மனுக் கொடுக்கிறவர்கள் வரிசையில் அவரைப் பார்த்தேன். நன்னடத்தைக்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அவர் கேட்கும் முன்பே மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு என் பெயரை எழுதிவிட்டேன். மனுவைத் திருப்பி என் பெயரைப் படித்தார்.

"வேற மனுத்தாள் ஒண்ணு இருக்குமா?"

"ஏன் மேஸ்திரி?"

"தப்பா நெனைக்காத தம்பி. நாளைக்கு எங்கனா ஒழுகினா நீ என்ன சொல்லுவியோ."

புது மனுத்தாளை நானே எடுத்துக் கொடுத்தேன்.