ஆகவே, நீ வா

போன வாரம் எம்.ஏ. வகுப்பில் பழைய ஆங்கிலக் காதல் கவிதை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துக் கவிஞர்களின் சாமர்த்தியம் உங்களுக்குத் தெரியும்தானே? ஆன்மா, நட்சத்திரம், கடவுள் என்று ஊரைச் சுற்றிவிட்டு, கடைசியில் ‘ஆகவே, நீ வா’ என்று பெண்ணிடம் வந்து நிற்பார்கள். சாத்தான்குளத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், இவரு இம்புட்டு பேசுதாரே, அவ என்ன சொன்னா?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அதற்குமேல் பாடம் ஓடவில்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், இதே பாடத்தைப் படிக்கிற காலத்தில், நானும் ஒருத்தியிடம் இப்படிப் பேசியவன்தான். கிரேஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாளையங்கோட்டைக்காரி, என் வகுப்பு. நான் ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தோட்டத்திலிருந்து வந்தவன். இங்கிலீஷ் பேச வராது, ஆனால் அந்தக் கவிதைகளின் தர்க்கம் மட்டும் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. பதினொரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். உடம்பும் உயிரும் வேறல்ல, காத்திருப்பது இயற்கைக்கே விரோதம், ஆகவே ஒருநாள் என்னோடு மாஞ்சோலைக்கு வா. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

“எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்க. எனக்குப் பயமா இருக்குன்னா, அதுக்கு?” என்றாள்.

அதற்கும் வைத்திருந்தேன். அவர்கள் கோயிலில் அசனப் பண்டிகை வந்தது. சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். “ஊரே பந்தியில இருக்கும், நம்மள யாரு பாக்கப் போறா?”

யாரும் பார்க்கவில்லை. மலை பஸ்ஸின் குளிர், தேயிலை வாசனை, என் கைக்குள் அவள் கை. என் தர்க்கம் ஜெயித்துவிட்டது. அசனத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையைக் காணோமென்றால் பந்தி முழுக்க விசாரிக்கும் என்பது வெளியாளான எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறாள். “சிநேகிதி வீட்டுல படிக்கா” என்று அவள் அம்மா சொன்னபோது, அந்தச் சிநேகிதி எதிர்வரிசையில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

மூன்றாம் நாள் அவள் அப்பா கல்லூரிக்கே வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“தம்பி, அந்தப் பையன் கூப்பிட்டுத்தான் போனியான்னு மககிட்ட கேட்டேன். இல்ல, நான்தான் கூப்பிட்டேன்னு சொல்லுதா. நெசமா?”

பதினொரு பக்கம் எழுதியவன் தரையைப் பார்த்தேன். “அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அவள் வகுப்புக்கு வரவே இல்லை. பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. எப்போதும் அவள்தான் முதல். அந்த வருடம் நான் முதலாவதாக வந்தேன். அதை வைத்துத்தான் இந்த வேலையும் கிடைத்தது.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே தொழிலாளர்கள் இல்லை. நாங்கள் டீ குடித்த கடையும் பூட்டிக் கிடக்கிறதாம். அதற்கு வருத்தப்பட ஊரில் நிறையப் பேர் உண்டு. அவளுடைய எம்.ஏ. போனதற்கு யாரும் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று பழைய நண்பர்கள் கேட்டால் தெரியாது என்பேன். பாளையங்கோட்டையில் அவர்கள் தெருவில் போய் விசாரித்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். நான் விசாரித்ததில்லை.