ஊசியக்காவின் ராசி

ஊசியக்காவுக்கு ராசியான கை என்று அந்த வட்டாரத்தில் சொல்லாதவர்கள் குறைவு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்த மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இரண்டு நாற்காலிகளும் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, இவளுடைய நாற்காலிக்கு முன்னால் மட்டும் காலை ஏழு மணிக்கே பதினைந்து பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். படித்தவர், படிக்காதவர், வங்கி மேலாளர், காய்கறிக்காரி, எல்லாரும்தான். இருபத்து நான்கு வருஷமாக ரத்தமும் கண்ணாடிச் சில்லுமாக வாழ்கிறவளுக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "என் கையில ராசி இருந்தா நான் ஏன்யா இங்க நின்னு குத்திக்கிட்டிருக்கேன்?" என்று சிடுசிடுப்பாள். அதையும் சிரித்துக்கொண்டு கேட்பார்களே ஒழிய, பக்கத்து நாற்காலிக்கு ஒருவரும் நகர மாட்டார்கள். சர்க்கரை முந்நூறு வந்தவர்கூட, "நல்லவேளை, இவங்க எடுத்ததால முந்நூறோட போச்சு" என்பார். இவர்களிடம் என்னத்தைச் சொல்ல!

இந்த ராசி பிறந்த உண்மைக் கதை அவளுக்கும் நிலையத்து நிர்வாகிக்கும் மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கணக்கு வாத்தியார் ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு அவருக்கு ரத்தம் எடுத்தவர் பக்கத்து நாற்காலிக்காரர். மனுஷர் ஒரு வாரம் அழுதார், கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டார், பிறகு இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்து ஊசியக்காவிடம் கையை நீட்டினார். எல்லாம் சுத்தமாக இருந்தது. வாத்தியார் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அதோடு விட்டாரா? போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நடந்தது இதுதான். அந்த முதல் நாள் கூட்டம் நெரிந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எடுத்து எடுத்துத் தாங்கியில் செருகிய குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள் ஊசியக்கா. இரண்டு குழாய்களுக்குச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். வாத்தியாருக்கு மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. நிஜமாகவே சிறுநீரகம் கெட்டிருந்த ஆளை மெஷின் கோளாறு என்று சொல்லித் திரும்ப வரவழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்கள். வாத்தியாரிடமும் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று அவள் நிர்வாகியிடம் போய் நின்றாள். "தப்புன்னு சொன்னா இங்க ஒருத்தனும் வரமாட்டான். ராசின்னு சொன்னா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? வாயை மூடிக்கிட்டு இரும்மா" என்றார் அவர். அவளும் மூடிக்கொண்டாள். வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறென்ன.

அதற்கப்புறம் அவள் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டாள். குத்துவதற்கு முன்னால் ஆளே தன் பெயரைச் சொல்ல வேண்டும். எடுத்து முடித்ததும் அவர் கண்ணெதிரே சீட்டை ஒட்டி, அதை அவரையே வாய்விட்டுப் படிக்க வைப்பாள். சனங்கள் சும்மா இருப்பார்களா? அதையும் மந்திரமாக்கிவிட்டார்கள். "ஊசியக்கா ரெண்டு தடவை பேரைச் சொல்ல வெப்பாங்க, அதுலதான் விஷயமே இருக்கு" என்று பேச்சு. சிலர் மூன்றாவது தடவையாகத் தாங்களே ஒரு முறை முணுமுணுத்துவிட்டு எழுந்து போவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கை வந்தாள். தங்கை என்று பேர்தானே தவிர, தலைவாரி, சீருடை மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் இவள்தான். அவள் புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நாலைந்து மாதமாகவே அவளுக்கு அசதி. இடது பக்க விலாவுக்குக் கீழே கல்லை வைத்த மாதிரி கனம். அக்காவிடம் சொன்னால் திட்டுவாள் என்று வீட்டுப் பக்கத்தில் எங்கேயோ ரத்தம் கொடுத்திருக்கிறாள். பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்று வந்திருந்தது.

"அது தப்புக்கா. அங்க சின்னப் பொண்ணு ஒருத்தி நடுங்கிக்கிட்டே குத்துனா. நீ எடு, சரியா வந்துடும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. வாரம் ஒரு நாள் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போகிறவள் அவள்.

ஊசியக்கா ரத்தம் எடுத்தாள். பெயரைச் சொல்ல வைத்தாள், சீட்டைப் படிக்க வைத்தாள். பிறகு உள்ளே போய், தன் கையாலேயே ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் குனிந்தாள். எங்கே நகர்த்தினாலும் முதிர்ந்ததும் முதிராததுமாக வெள்ளை அணுக்கள். ரத்தப் புற்று. அதில் ஐயப்பட ஏதுமில்லை. ஐயோ, இந்தக் கண்ணால் இதைப் பார்க்க வேண்டி வந்ததே என்று கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மேற்கொண்டு செய்த சோதனைகளும் அதையே சொல்லின. டாக்டர் நல்ல மனிதர். "இது முன்ன மாதிரி இல்லம்மா. தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். விடாம போட்டா இன்னும் இருபது முப்பது வருஷம் நல்லா இருக்கலாம்" என்றார். ஊசியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தங்கையோ வேறு கணக்கு வைத்திருந்தாள். "உன் கையிலயே கெட்டதா வந்திருக்குன்னா கடவுள் என்னைச் சோதிக்கிறார்க்கா. நாப்பது நாள் பிரார்த்தனை பண்றேன்னு சொல்லியிருக்கேன். நாப்பத்தோராம் நாள் நீயே மறுபடி எடு. அப்பவும் இப்படியே வந்தா மாத்திரை போடுறேன். சத்தியமா போடுறேன்." ஊசியக்கா அரைமனதோடு டாக்டரிடம் கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். "தள்ளிப்போடக் கூடாது. ஆனா நாப்பது நாள்ல குடி முழுகிடாது. அதுக்கு மேல ஒரு நாள்கூட விட்டுடாதீங்க" என்றார்.

ஊசியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது நாள் இருந்திருக்கலாம். இருந்தாளா? இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "கனம் குறைஞ்ச மாதிரி இருக்குக்கா. பாரேன், உன் ராசி என்னைக் கைவிடாது. அந்த வாத்தியாருக்கு மட்டும் நல்லா வந்துதே, எனக்கு வராதா?" என்றாள். அந்த வார்த்தைதான் ஊசியக்காவைக் கிளப்பிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதேதான்.

"ராசியாவது மண்ணாவது! அந்த வாத்தியாருக்கு ஒண்ணுமே இல்லடி. சீட்டை மாத்தி ஒட்டினவ நான். இந்தக் கைதான் மாத்தி ஒட்டுச்சு. பன்னெண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன், போதுமா? இனிமே ராசி கீசின்னு பேசாம ஒழுங்கா மாத்திரையைப் போடு!"

தங்கையின் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் சரிந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்படியே நின்றார்.

"அப்போ குழாய் மாறும்" என்றாள் தங்கை.

"எப்பவோ ஒரு தடவை..."

"மாறும்ல? நல்லா இருந்தவருக்குக் கெட்டதுன்னு வந்துதுல்ல?"

"உன்னுதை உன் கண்ணு முன்னாலதானே ஒட்டினேன். நீதானே படிச்சே!"

"உள்ள எடுத்துட்டுப் போனப்புறம் எனக்கு என்ன தெரியும்? அந்த வாத்தியாரும் உங்களை நம்பித்தானே வீட்டுக்குப் போய் ஒரு வாரம் அழுதார்?"

"சரி, வேற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்க எடுக்கட்டும்."

"அங்கயும் உன்னை மாதிரி ஒருத்திதானேக்கா ஒட்டுவா" என்றாள் தங்கை. கோபமே இல்லாமல் சொன்னாள்.

நாற்பத்தோராம் நாள் வந்தது, போனது. தங்கை கையை நீட்டவில்லை. ஊசியக்கா கெஞ்சினாள், திட்டினாள், மாத்திரைப் பட்டையை வாங்கி வந்து அவள் அலமாரியில் தன் கையாலேயே வைத்தாள். அடுத்த வாரம் போனால் அது கலையாமல் அப்படியே இருக்கும். மாப்பிள்ளையைத் தனியே பிடித்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க தம்பி" என்றாள். "நீங்கதானே அண்ணி சொன்னீங்க. எதை விட்டு எதை நம்புறது?" என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எல்லாம் அந்தக் கூட்டத்துக்காரி கெடுத்த கெடுதான் என்று ஊசியக்காவுக்கு வெறி வந்தது. பிரார்த்தனை நடத்துகிற அம்மாவின் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டாள். அந்த அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் மாத்திரை வேண்டாம்னு சொல்லவே இல்லையேம்மா. ஜெபமும் பண்ணு, மருந்தும் சாப்பிடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'எங்க அக்காவே அதெல்லாம் மாறும்னு சொல்லிட்டா'ங்கறா. நான் என்ன செய்வேன்?" என்றாள். ஊசியக்கா படி இறங்கினாள். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

எட்டாவது மாதம் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது; ஈறில் ரத்தம் கசிந்தது. வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார் மாப்பிள்ளை. அங்கே சொன்னதை ஊசியக்கா ஏற்கெனவே மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள்: மாத்திரைக்குக் கட்டுப்படுகிற கட்டம் தாண்டிவிட்டது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தால் எங்கே நிற்கும்? படுக்கைக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஆயுசில் முதல் தடவையாகக் கைகூப்பிப் பார்த்தாள். யாரிடம் கேட்பது, எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கையை இறக்கிவிட்டாள்.

தங்கை விழித்துத்தான் இருந்தாள். "போட்டிருப்பேன்க்கா" என்றாள். "நாப்பத்தோராம் நாள் மாத்திரையைப் போட்டிருப்பேன். நீ மட்டும் அதைச் சொல்லாம இருந்திருந்தா."

ஊசியக்கா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொல்வது நல்லது என்று சின்ன வயசில் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்பது ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் தங்கை போய்ச் சேர்ந்தாள். எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, மாப்பிள்ளை கடைசி ரத்த ரிப்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கிட்டே வந்தார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இது அவளோடதுதானே?"

"அவளோடதுதான் தம்பி" என்றாள் ஊசியக்கா. மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஆனால் தாளை மடிக்கவில்லை.