நாற்பத்தொன்றாம் லாட்டின் பலகை

ஜெயபுஷ்பம் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் ஆம்பூரில் அந்தத் தோல் கம்பெனியில் எந்த லாட்டு, எந்த ஆர்டருக்கான தோல் கட்டு, எந்த மூலையில் கிடக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பத்தொன்பது வருஷம் தோலின் ஓரத்தில் நம்பர் குத்தியவர். ஒரு லாட்டு கப்பலுக்குப் போய்விட்டால் அதன் மேல் மாட்டிய நம்பர் பலகையை அன்றைக்கே கழற்றி, எழுத்தைத் துடைத்து, அடுத்த நம்பரை எழுதி மாட்ட வேண்டும். பழைய நம்பர் தொங்கினால் புதுத் தோலை யாராவது அதோடு கலந்துவிடுவார்கள். அந்தப் பலகை வேலையில் அவர் ஒருதரம்கூடத் தப்பு விட்டதில்லை.

தோல் தேய்க்கும் இடத்துத் தூசி நெஞ்சில் இறங்கி அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. எண்பத்தெட்டாம் வருஷத் தொடக்கத்தில் மேனேஜர் ராஜகோபால் அவரைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு மாற்றினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவ்வளவு சுத்தம், அவ்வளவு குளிர்ச்சி. மிஷினைத் துடைப்பது, அச்சாகி வரும் தாளைக் கிழித்துப் பேக்கிங்குக்குக் கொண்டுபோவது, இதுதான் வேலை. ஆறு மாசத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கடைசிப் பாட்டு வரைக்கும் மூச்சு இரைக்காமல் பாட முடிந்தது. கர்த்தர் கொடுத்த இடம் என்றே நினைத்தார்.

மிஷினை ஓட்டுகிறவர் ஜஹீதா. மேல்விஷாரத்திலிருந்து ஆம்பூருக்கு வந்த மருமகள், டைப்பிங்கில் ஹயர் பாஸ் செய்தவர். அவர் லிஸ்ட் என்று ஒரு வார்த்தை அடித்தால் போதும், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் தானாக அச்சாகும். லேபிளுக்கு ஒரு வார்த்தை, பில்லுக்கு ஒரு வார்த்தை. மிஷினை வைத்துக் கொடுத்த மெட்ராஸ்காரர் இப்படி மூன்று வார்த்தைகளைச் செய்து வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஜஹீதா லிஸ்ட் என்று அடித்தார். திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி வந்து நின்றது.

"அப்படி ஒரு எடமே இல்லையாங்க்கா. அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்."

மற்ற இரண்டு வார்த்தைக்கும் அதே பதில். மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார்கள். அந்த ஆள் பெங்களூர் போயிருந்தார்.

ராஜகோபால் வந்து நின்றார். "மூணு மணிக்கு லாரி. லிஸ்ட் இல்லாம ஹார்பர்ல ஒரு பெட்டி உள்ள போகாது. கையால எழுதினா ரெண்டு நாளாகும். இன்னிக்கு இது ஓடலைன்னா திருப்பி அனுப்பிடச் சொல்லிட்டார் முதலாளி. ரூமைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் பழைய எடத்துக்கே போக வேண்டியதுதான்."

பழைய இடம் என்றால் மறுபடியும் அந்தத் தூசி, அந்த மூச்சிரைப்பு. ஜெயபுஷ்பம் கண்ணை மூடி ஒரு வரி ஜெபித்துவிட்டுத் திறந்தார்.

"பேஜாரா இருக்குக்கா. மிஷினே போச்சோ இன்னாவோ," என்றார் ஜஹீதா.

"மிஷின் போயிருந்தா இங்கிலீஷ்ல பதில் சொல்லுமா? பட்டியல் போடுற புரோகிராமு இருக்குதா, அதை மொதல்ல பாரு."

ஜஹீதா அந்தப் புரோகிராம் இருக்கும் இடத்துக்கே போய், அதை அதன் சொந்தப் பெயரில் நேராகக் கூப்பிட்டார். உடனே திறந்தது. ஆனால் எந்தக் கணக்கு, எந்தத் தாள், எந்த அகலம் என்று கேட்டு நின்றது. அதற்கெல்லாம் பதிலை மெட்ராஸ்காரர் அந்த ஒற்றை வார்த்தைக்குள்தான் எழுதி வைத்திருந்தார்.

"ஆள் நல்லாத்தான் இருக்கான். கூப்புடப் போனவன்தான் எங்கியோ சுத்துறான்," என்றார் ஜெயபுஷ்பம். "அந்த லிஸ்ட்டுக்குள்ள இன்னா எழுதியிருக்காரு? கொண்டாந்து காட்டு."

திரையில் நாலு வரி வந்தது. ஜெயபுஷ்பத்துக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நம்பர் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரெண்டாவது வரியில நாப்பத்தொண்ணு இருக்குதே."

"லாட் நாப்பத்தொண்ணு. மிஷினுக்குள்ள அந்த லாட்டுக் கணக்கை வெச்சிருக்குற எடத்துக்குப் பேரு. அங்க போயி வேலையைப் பாருன்னு அர்த்தம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஷின் வந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பெரிய லாட்டு நாற்பத்தொன்று; அதன் கடைசிப் பெட்டியும் சனிக்கிழமையே கப்பலுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம், போன லாட்டின் பெயர் மிஷினில் இன்னும் தொங்குகிறதே, அழித்துவிடு என்று சொன்னதே ஜெயபுஷ்பம்தான். பலகைப் பழக்கம். ஜஹீதாவும் நாற்பத்திரெண்டு என்று புது இடம் திறந்து, எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டுப் பழையதைத் துடைத்துவிட்டார்.

"நாந்தான் அழிக்கச் சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க, நான் அழிச்சேன். அழிச்சிட்டு ஒருவாட்டி ஓட்டிப் பார்த்தேனா? வூட்டுக்கு ஓடினேன்."

ஜஹீதா நாலு வரியையும் முதலில் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு ஒன்றுவிடாமல் திரும்ப அடித்தார், நாற்பத்தொன்றின் இடத்தில் மட்டும் நாற்பத்திரெண்டு. லிஸ்ட் என்று அடித்தார். பிரிண்டர் கரகரவென்று இரையத் தொடங்கியது. அடுத்து லேபிள் என்று அடித்தால் அது பழையபடி முரண்டு பிடித்தது.

"அதையும் அவரேதானே எழுதினாரு? அங்கியும் நாப்பத்தொண்ணு பலகைதான் தொங்கும். பில்லுலயும் பாரு," என்றார் ஜெயபுஷ்பம்.

அப்படியே இருந்தது. ஒன்றரை மணிக்கு மூன்றும் ஓடின.

தாள்களைக் கிழித்து அடுக்கி ஜெயபுஷ்பமே மேனேஜர் மேசைக்குக் கொண்டுபோனார். கூடவே வந்த ஜஹீதா, ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முழங்கையால் இடித்தார்.

"சார், இது மிஷின் தப்பு இல்ல. பழைய பேரை அழிக்கச் சொன்னது நான்."

ராஜகோபால் தாளிலிருந்து நிமிர்ந்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"கர்த்தருக்குத் தெரியுமே சார்."

"சரி, அடுத்த மாசம் நாப்பத்திரெண்டு போனா மறுபடியும் இதே கூத்தா?"

வரும் வழியிலேயே ஜெயபுஷ்பம் அதை யோசித்து வைத்திருந்தார். "லாட்டு வரும், போகும் சார். குடோன் எங்க போவுது? மிஷின்ல அந்த எடத்துக்கு குடோன்னே பேர் வெச்சிடலாம். லாட்டு நம்பரு பட்டியலுக்குள்ள இருந்தா போதும்."

ராஜகோபால் லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "லாரி கிளம்பினதும் மாத்துங்க," என்றார். "மாத்திட்டு மூணையும் ஓட்டிப் பார்த்துட்டு வூட்டுக்குப் போங்க, ஜஹீதா."

மூன்று மணிக்கு லாரி போயிற்று. மறுநாள் காலை ஜெயபுஷ்பம் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துடைக்கும் துணியோடு உள்ளே போனார்.