அறுபத்து மூன்று மீன்களும் இரண்டு பெயர்களும்

எங்கள் அந்தோனியார் கோயிலில் பெயர் எழுதாத பொருளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். உட்காரும் வாங்குகளின் முதுகில் பெயர், மணிக்கூட்டில் பெயர், கழிவறைக் கதவில் பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஒரே குடும்பத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள். விசிறி ஓடாத நேரத்தில் மட்டும்தான் வாசிக்கலாம். கடலுக்குப் போகிற ஊர். உழைப்பது கையில் நிற்பதில்லை, கோயிலுக்குக் கொடுத்ததாவது நிற்கட்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் குறை சொல்ல வாய் இல்லை. பாடகர் குழுவின் கதிரை ஒன்றில் என் அப்பாவின் பெயரும் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் நாற்பத்தேழு வயதுவரை எதிலுமே தன் பெயரைக் காணாதவள் அஜித்தா. மெழுகும் சாயமும் கொண்டு பத்திக் துணி செய்கிறவள். சிலாபத்துக்குத் தெற்கே ஒரு பட்டறையில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தாள். மயில், யானை, தாமரை எல்லாம் அவள் கை கீறியவை. துணியின் மூலையில் இருந்தது முதலாளியம்மாவின் பெயர். ஒருமுறை கற்பிட்டியில் ஒரு ஹோட்டலுக்குத் துணி கொடுக்கப் போனபோது, அவள் கீறிய பெரிய படத்தின் முன்னால் வெள்ளைக்காரர் இருவர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். மூலையில் இருந்த பெயரையும் கிட்டப் போய் எடுத்தார்களாம். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். இந்தக் கதையை எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் புதிதாகத்தான் கோபப்பட்டாள்.

நான் நிக்கொலஸ். சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கோயில் பூசையைப் போனில் லைவாகக் காட்டுவதும் நான்தான். அஜித்தாவின் வீட்டு வளவுக்குப் பக்கத்து வளவு என்னுடையது. வேலையை விட்ட பிறகு அவள் போட்ட பட்டறை, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். அங்கே செய்கிற துணியும் கடைகளின் பெயரில்தான் விற்கும். உள்ளே ஒரு நீண்ட மேசை, ஒரு காஸ் அடுப்பு, மெழுகு உருக்கும் அலுமினியச் சட்டி, சாயத்துக்கு நாலு பெரிய வாளி. காலை ஐந்தரைக்கு மெழுகு வாடை வேலிக்கு மேலால் வரும். அதுதான் எனக்கு அலாரம். பத்து மணிக்குப் பிறகு சோளகக் காற்று கிளம்பினால் தூரிகையிலேயே மெழுகு ஆறிவிடும், மணலும் பறந்து வந்து ஈரத் துணியில் ஒட்டும். அதனால் மெழுகு வேலை எல்லாம் காலையில். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. கடலிலிருந்து வருகிற புருஷன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். அவருக்குப் பழகிவிட்டது.

மெழுகு துணியில் வெள்ளையாகத் திரண்டு நின்றால் சூடு போதாது. புகைந்தால் சூடு கூடிவிட்டது. எண்ணெய் பட்ட கடதாசி போலத் துணி தெளிந்து வந்தால்தான் மெழுகு மறுபக்கம் வரை இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு சாணுக்கும் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். சாயம் கரைப்பதற்கும் அலசுவதற்கும் பவுசர் லொறியில் வருகிற தண்ணீர் மட்டும்தான், ஏனென்றால் எங்கள் கிணற்றுச் சவர்த் தண்ணீரில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

இந்தத் தொழிலில் வெள்ளை என்று ஒரு சாயம் கிடையாது. துணியின் வெள்ளைதான் வெள்ளை. அது வேண்டிய இடத்தை முதல் நாளே மெழுகால் மூடிவிட வேண்டும். பிறகு மஞ்சளில் தோய்ப்பாள். மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தை மூடுவாள். அடுத்தது செம்மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் கருநீலம். எல்லாம் முடிந்ததும் கொதிதண்ணீரில் போட்டு மெழுகைக் கழற்றினால், மூடிய நிறமெல்லாம் வெளியே வரும். மூடாமல் விட்ட வெள்ளை போனது போனதுதான். அதை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இந்த வருஷம் அந்தோனியார் திருநாளுக்குப் பீடத்தின் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய திரைச்சீலை வேண்டும் என்று கோயில் சபைத் தலைவர் யோசேப்பு அண்ணன் அவளிடம் கேட்டார். துணிச் செலவும் சாயச் செலவும் இத்தாலியிலிருக்கிற நிரோசனுடையது. அஜித்தா உடனே ஓம் என்றாள். பன்னிரண்டு அடி அகலம். அந்தோனியார் கரையில் நின்று மீன்களுக்குப் பிரசங்கம் செய்கிற காட்சியைக் கீறினாள். ஒரு வாரம் விடியற்காலையில் துறைக்குப் போய் மீன்களைப் பார்த்துக் கீறிக்கொண்டு வந்தாள். பாரை, கீரி, சூடை, திருக்கை, கணவாய் என்று அறுபத்து மூன்று. எல்லாம் தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மீன்களுக்கு இடம் விட்டு விட்டு அந்தோனியார் கொஞ்சம் சின்னதாகிவிட்டார்.

முதல் நாள் மீன்களின் வயிறுகளையும் அலையின் நுரையையும் மெழுகால் மூடினாள். அதே கையோடு இடது மூலையில் மூன்று அங்குல உயரத்தில் தன் பெயரையும் எழுதி மூடினாள். யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் வேலிக்கு மேலால் சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மஞ்சளில் தோய்த்த துணி நிழலில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் யோசேப்பு அண்ணன் எழுதிய ஒரு கடதாசித் துண்டோடு வந்தார். அன்று என் வளவிலிருந்தே எல்லாம் கேட்டது.

"தங்கச்சி, இதையும் போட்டிரு. கீழ, பெரிசா. ‘உபயம், நிரோசன் குடும்பம், இத்தாலி.’"

"இப்ப வந்து சொல்லுறீங்களே அண்ணே. வெள்ளை எல்லாம் முடிஞ்சுது."

"அதுக்கென்ன, மீன்பிடி போட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ற் வீட்ட கிடக்கு. கொண்டாறன். ஒரு வருசம் கடல்ல கிடந்தாலும் போகாது."

மனுஷர் உண்மையாகவே உதவிதான் செய்ய நினைத்தார். அஜித்தாவுக்கு ஏறிவிட்டது.

"இந்தச் சீலையில பெயின்ற் படாது. இதில ஒரு பேர்தான் இருக்கும். கீறினவட பேர்."

அப்போதுதான் அவர் மூலையைப் பார்த்திருக்கிறார். "கோயில் சாமான்ல வேலை செஞ்சவட பேர் போடுற வழக்கம் இல்ல தங்கச்சி. இந்தக் கோயிலக் கட்டின மேசன்ட பேர் எங்க இருக்கு?"

"அதத்தான் நானும் கேக்கிறன். எங்க இருக்கு?"

யோசேப்பு அண்ணன் துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் பெயரை எடுக்காவிட்டால் சீலை கோயிலுக்குள் வராது என்று வேலிப் படலையில் நின்று சொன்னார். ஊர் இரண்டு நாள் இதையே கதைத்தது. அஜித்தாவுக்குத் தலைக்கனம் என்று சிலர் சொன்னார்கள். அவள் வேலையை நிறுத்தினாள். காலையில் மெழுகு வாடை வரவில்லை. இரண்டு நாளும் நான் நேரம் பிந்தித்தான் எழும்பினேன்.

மூன்றாம் நாள் நிரோசனின் தாய் எமிலியா மாமி என் கடைக்கு வந்தார். அஜித்தாவிடம் கதைக்க வேண்டும், தனியே போகப் பயமாக இருக்கிறது, நீயும் வா என்றார். போனோம். அஜித்தா கதிரையை இழுத்துப் போட்டாள். முகம் மட்டும் இறுகித்தான் இருந்தது.

"புள்ள, நான் சண்டைக்கு வரயில்ல," என்றார் மாமி. "அவனுக்கு அங்க விசா பேப்பர் இல்ல. பதினொரு வருசம். வெளிக்கிட்டா திரும்பிப் போகேலாது. தகப்பன்ட அடக்கத்துக்கும் வரயில்ல. நம்ம நிக்கொலஸ் போன்ல காட்டுறான் தானே, அதிலதான் பூசை காணுறான். வேலைக்குப் போகாம இருந்து காணுறான். ‘அம்மா, நான் கோயிலுக்குள்ள வரேலாது, என்ட பேராவது உள்ள நிக்கட்டும்’ எண்டு சொல்லுறான்."

அஜித்தா மேசையில் கிடந்த அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"உன்ட பேர எடுக்கச் சொல்லயில்ல. உன்ட பேர் இருக்கட்டும். அத நான் சபையில சொல்லுறன். இவன்ட பேரையும் ஒரு மூலையில போடு. ‘இத்தாலி’ எண்டு போடாத. அவன் இந்த ஊர்ப் புள்ள."

அஜித்தா நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன். வெட்கப்பட வைத்துவிட்டார்களே என்று கோபமும் பட்டிருப்பாள். பிறகு எழும்பி அடுப்பைப் பற்றவைத்தாள். "மஞ்சள்தான் மாமி மிச்சம் இருக்கு. மஞ்சள்ல போடட்டா?" என்று கேட்டாள். மாமி தலையாட்டினார். வலது மூலையில் ஆறு அங்குல உயரத்தில் ‘நிரோசன்’ என்று எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மெழுகு இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போனாள். காற்று கிளம்பும் முன்னால் முடித்தாள்.

சபையில் மாமி என்ன கதைத்தாரோ தெரியாது. யோசேப்பு அண்ணன் அதற்குப் பிறகு எனாமல் பெயின்ற் பற்றி வாய் திறக்கவில்லை. திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் திரைச்சீலையைத் தொங்கவிட்டோம். மேசையில் துண்டு துண்டாக விரித்து வேலை செய்தவளுக்கும் முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அஜித்தா நடுக் கோயிலில் நின்று நெடுநேரம் பார்த்தாள். திருக்கை அவ்வளவு மேலே வராது என்று யோசேப்பு அண்ணன் சொன்னார். அந்தோனியார் கூப்பிட்டால் வரும் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

திருநாள் காலை, பூசைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் போனை மூன்று கால் தாங்கியில் பூட்டினேன். கோயிலுக்குள் சிக்னல் ஒழுங்காகப் பிடிப்பது ஒரு யன்னலடியில் மட்டும்தான். அஜித்தா எனக்குப் பின்னால் வந்து தன் சீலை போனில் எப்படித் தெரிகிறது என்று எட்டிப் பார்த்தாள். மீன்கள் தெரிந்தன. அந்தோனியாரும் தெரிந்தார். இடது மூலையில் ‘அஜித்தா’ சின்னதாக, தெளிவாகத் தெரிந்தது. வலது மூலையில் பெயர் இருந்த இடத்தில், மீன் வியாபாரிகள் விடியற்காலையில் கொண்டுவந்து வைத்த பூச்சாடி நின்றது. இடுப்பு உயரம், நிறைய வெள்ளைப் பூ. ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"போன அங்கால வை," என்றாள்.

"அங்கால வச்சா லைவ் அறுந்து போகும் அக்கா."

வெளியே பாண்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது. ஃபாதர் ஊர்வலமாக வாசலுக்கு வந்துவிட்டார். பூச்சாடியைக் கீழே இறக்கினால் ஊர்வலம் வருகிற வழி. பீடத்துக்கு ஒரு பக்கம் வாசக மேடை, மற்றப் பக்கம் பெரிய மெழுகுதிரி. அந்தச் சாடி நிற்கக்கூடிய வேறு இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அஜித்தா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேண்டாம் அக்கா, ஒரு பூசைதானே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பீடத்துப் படியில் ஏறினாள். இரண்டு கையாலும் சாடியைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். சனம் முழுக்கப் பார்த்தது. சாடி நிலத்தில் உரசிய சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், தன் பெயருக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினாள். சேலையெல்லாம் தண்ணீர். போனில் ‘நிரோசன்’ என்ற பெயர் மஞ்சளாக நின்றது. ஒன்றரை மணித்தியாலம் அப்படியே நின்றது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் எமிலியா மாமியின் போன் அடித்தது. வீடியோ கோல். மாமி பேச முடியாமல் அழுதார். போனை அஜித்தாவின் கையில் கொடுத்தார். நிரோசன் ஒரு சின்ன அறையில் கட்டிலில் இருந்தான். அவனைச் சுற்றி எங்கள் கரைப் பக்கத்துப் பெடியள் ஆறேழு பேர்.

"என்ட பேர் நல்லா தெரிஞ்சுது," என்றான். பின்னால் இருந்தவர்கள் மீனைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அது பாரை என்றான் ஒருவன், இல்லை கட்டாப் பாரை என்றான் மற்றவன். முகம் தெரியாத ஒருவன் சத்தமாகக் கேட்டான்:

"டேய், அந்தப் படம் கீறினது ஆரெண்டு கேளு. பேர் ஒண்டும் போடயில்லையே."

"போட்டிருக்கு தம்பி," என்றாள் அஜித்தா. "பூச்சாடிக்குப் பின்னால இருக்கு. நான்தான்."