நீலப் போர்வையும் கட்டுப்போட்ட காலும்

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை மழையில், கண்டி மகியாவையில் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் வழுக்கி விழுந்து எஸ்ரன் காலை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட காலோடு அவரைத் தூக்கிவந்து ஹோலில் உட்கார வைத்தபோது மனைவி ஜெஸ்மினுக்கு முதலில் வந்தது அழுகை. அதற்கடுத்து வந்த நினைப்பை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இனி இந்த ஹோல் முழுக்க இவர்தான்.

எஸ்ரன் கண்டிக்கும் கம்பளைக்கும் இடையில் பஸ் ஓட்டுபவர். விடியும் முன்னே போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். ஒரே மகள் கல்யாணம் கட்டிக்கொண்டு நீர்கொழும்புக்குப் போனதிலிருந்து பகல் பொழுதில் அந்தச் சின்ன வீடு ஜெஸ்மினுக்கே சொந்தம். தையல் தொழிற்சாலை கழித்துவிடும் வெட்டுத்துண்டுகளை மூட்டையாய்க் கொண்டுவந்து ஹோல் தரையில் பரப்புவாள். கதிரையில் ஏறி நின்று மேலிருந்து பார்ப்பாள். இறங்கி இரண்டு துண்டை இடம் மாற்றுவாள். திரும்ப ஏறுவாள். மனம் ஒப்பியதும் துண்டுகளை இணைத்து, உள்ளே பழைய கம்பளியும் அடியில் ஒரு சீலையும் கொடுத்து, மூன்றையும் கையாலேயே சேர்த்துத் தைத்துவிடுவாள். அவள் போர்வைகள் எத்தனையோ கட்டில்களில் கிடந்தன.

இந்தப் பனிக்காலத்தில்தான் ஒரு புது வில்லங்கம் வந்தது. வாவிக்குப் பக்கத்து மண்டபமொன்றில் தை மாதம் கைவேலைக் கண்காட்சி நடத்தப்போகும் நிலூஷா என்ற பெண், யார் வீட்டிலோ அவள் போர்வையைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தாள்.

"எனக்கு ஒண்ணு செஞ்சு தாங்க அக்கா. கட்டில்ல விரிக்க இல்ல, சுவத்துல மாட்ட."

அந்த ஒரு சொல் ஜெஸ்மினின் நிம்மதியைத் தின்றுவிட்டது. கட்டிலில் கிடக்கும் போர்வையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? சுவரில் மாட்டினால் வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள். சுவருக்கென்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். நீலத்தைத் தெரிந்தெடுத்தாள். காலையில் ஹந்தானை மலை பனிக்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நேரத்தில் ஒரு நீலம் தெரியுமே, அந்த நீலம். போர்வையின் இடப்பக்கத்தில் மலை தானாக வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு எதை வைத்தாலும் ஒட்டவில்லை. மேலும் மேலும் சேர்த்தாள். போர்வை வளர்ந்ததே ஒழிய சரிவரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எஸ்ரன் ஹோலின் நடுவில் வந்து உட்கார்ந்தார். முக்காலி மேல் கால். மடியில் ரிமோட். தரையில் பாதி இடம் போய்விட்டது. மீதி இடத்தில், கால் எப்படி என்று கேட்க வருகிறவர்களின் ஈரக்குடையும் ஈரச் செருப்பும். நாளுக்கு நான்கு தரம் துண்டுகளை வாரி எடுத்தாள், நான்கு தரம் திரும்பப் பரப்பினாள். தேத்தண்ணி ஊற்றப் போய் பாதியில் ஊசியைத் தேடி வந்தாள். ஊசியை எடுத்ததும் அடுப்பு நினைவு வந்தது.

"அந்த மஞ்சள் என்னத்துக்கு?" என்றார் எஸ்ரன் ஒருநாள்.

"எந்த மஞ்சள்?"

"அந்தா, மூலையில. பஸ்ஸுக்குப் பின்னால எரியிற லைட்டு மாதிரி நிக்குது."

அவர் சொன்ன பிறகு அவள் கண்ணுக்கும் அது பஸ் விளக்காகவே தெரிந்தது. மஞ்சளை எடுத்தாள். எடுத்த இடம் பொக்கைவாயாய்த் தெரிந்தது. திரும்ப வைத்தாள்.

"பச்சை வச்சுப் பாரேன்."

"நீங்க பஸ் ஓட்டுறப்போ நான் பின்னால இருந்து பிரேக் போடுங்கன்னு சொல்றேனா?"

"ஏன் இப்ப கத்துற? சும்மா இருக்கேன், வாய் சும்மா இருக்குதா?"

"சும்மா இருக்க முடியாட்டி டீவியப் பாருங்க!"

நத்தார் முடிந்து சில நாள் கழித்து, ஒரு காலையில், அவருக்குச் சோறும் கறியும் சமைத்து மூடி வைத்தாள். துண்டுகளை இழையோட்டிப் பிடித்து, போர்வையை ஒரு பையில் திணித்துக்கொண்டு, கம்பளையில் இருக்கும் அக்கா பியட்றிஸ் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"பொழுதுபட வந்துருவேன். அசையாம இருங்க" என்றாள் வாசலில் நின்று.

"அசையுற மாதிரியா இருக்கேன்?" என்றார் அவர்.

பியட்றிஸ் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுத்துவேலை செய்பவள். சாவியைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். பெரிய ஹோல், பளபளவென்று சீமெந்துத் தரை, கேள்வி கேட்க ஆளில்லை. ஜெஸ்மின் போர்வையை விரித்தாள். கதிரையில் ஏறினாள். இறங்கினாள். ஜன்னலைத் திறந்தாள், சாரல் அடித்தது, மூடினாள். தேத்தண்ணி போட்டுக் குடிக்க மறந்தாள். போர்வை அதே போர்வையாகத்தான் கிடந்தது. அவர் இல்லாவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தது எவ்வளவு பொய் என்று அங்கே தெரிந்தது. அது தெரிந்ததும் எரிச்சல் அவர்மேல் இருந்து தன்மேல் திரும்பியது.

மழை வலுத்தது. எஸ்ரனுக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு கிளறன்ஸிடமிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. பயப்புட ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைப் பயப்படுத்தியது. போர்வையைப் பைக்குள் அள்ளிக்கொண்டு ஓடி பஸ்ஸில் ஏறினாள். எஸ்ரனின் கூட்டாளிதான் அன்று சாரதி. "அக்கா, எஸ்ரன் அண்ணனுக்கு எப்படி?" என்று கேட்டான். கெலிஓயாவில் நெரிசல், பேராதனையில் அதைவிட நெரிசல். பையை மடியில் வைத்து அழுத்தியபடி, பஸ்ஸைத் தானே தள்ளுகிறவள் போல முன்சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குள் கணுக்கால் நனையத் தண்ணீர். காற்றில் கூரைத் தகரச் சீற் ஒன்று கிளம்பி, சரியாக அவள் துணிமூட்டைகள் இருந்த மூலையில் மழை கொட்டியிருக்கிறது. இப்போது அங்கே மூட்டை ஒன்றும் இல்லை. எல்லாம் கட்டிலின் மேல் மலைபோல் குவிந்து கிடந்தன, காய்ந்த துணி காய்ந்தபடியே. கட்டில் காலில் முதுகைச் சாய்த்து, ஈரத் தரையில் எஸ்ரன் உட்கார்ந்திருந்தார். காலிலிருந்த மாவுக்கட்டு ஊறிக் கஞ்சியாகி வழிந்தது. கிளறன்ஸ் கூரையில் ஏறித் தறப்பாளைப் போட்டு அதன்மேல் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"பின்பக்கத்தால தேய்ச்சுக்கிட்டே போய் ஒவ்வொண்ணா இழுத்திருக்காரு" என்று மேலிருந்து சத்தம் போட்டார் கிளறன்ஸ். "நான் வந்து பாக்குறப்போ கடைசி மூட்டை. குடுங்கன்னா குடுக்க மாட்டேங்கிறாரு."

ஜெஸ்மினுக்கு ஆத்திரம் பொங்கியது. "உங்களுக்கு அறிவிருக்கா? கால் முக்கியமா, துணி முக்கியமா?"

"வந்து இப்படித்தான் கத்துவேன்னு தெரிஞ்சிருந்தா துணிய விட்டிருப்பேன்."

"வலிக்குதா?"

"பின்ன, இனிக்குமா?"

அவள் அவர் பக்கத்தில் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று மேலே இருந்த கிளறன்ஸுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் சேர்ந்து எஸ்ரனைக் கதிரையோடு தூக்கிப் படியிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் இருவரையும் நன்றாக ஏசிவிட்டுப் புதுக்கட்டுப் போட்டார். எலும்பு நகரவில்லை. ஆனால் இன்னும் ஒரு மாதம் கூடுதலாக வீட்டில் இருக்க வேண்டும் என்றார். ஜெஸ்மின் தலையாட்டினாள்.

மறுநாள் வெயில் எட்டிப் பார்த்தது. தரையைத் துடைத்துவிட்டு, எஸ்ரனின் கண்ணெதிரேயே போர்வையை விரித்தாள். இடம் போதாமல் ஒரு பக்கம் அவர் முக்காலியின் மேல் ஏறி, கட்டுப்போட்ட காலை மூடியது. அவர் அசையவில்லை, வாயும் திறக்கவில்லை. கதிரையில் ஏறிப் பார்த்தாள். காலுக்கு இந்தப் பக்கம் இருந்தது மலை. அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் சுவருக்காக அவள் இழுத்து வந்து சேர்த்தது. மலை எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

இறங்கிக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஏய், என்னா செய்யப் போற?"

"அசையாதீங்க."

துணி வெட்டுப்படும் சத்தம் கேட்டதும் எஸ்ரன் கண்ணை மூடிக்கொண்டார். போர்வை இரண்டாயிற்று. இடப்பாதியைத் தூக்கிப் பிடித்தாள். அது போதும். மற்றப் பாதி, மஞ்சளோடும், அவருக்குத் தெரியாமல் அவள் வைத்துப் பார்த்த பச்சையோடும், அவர் காலின் மேலேயே கிடந்தது.

"இது எனக்கா?" என்றார்.

"குளிருதுல்ல, வச்சிக்கோங்க."

தை பிறந்ததும் பாதிப் போர்வை மண்டபச் சுவரில் ஏறியது. சனங்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரி நெடுநேரம் பார்த்தாள். ஜெஸ்மின் தூணோரம் நின்று, சீலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தாள். கீழ்மூலையில் ஒரு சாம்பல் துண்டு. ஒரு விரலளவு மேலே ஏறியிருக்க வேண்டும். யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"நிலூஷா, ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்குமா? அந்த மூலைய மட்டும் பிரிச்சி..."

"அக்கா, கையை வச்சீங்கன்னா வெளிய அனுப்பிருவேன்" என்று சிரித்தாள் நிலூஷா.

கைபேசி அடித்தது. எஸ்ரன்.

"எப்படி இருக்கு?"

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க. ஒரு மூலை பிழை."

"சாம்பல் கலர்தானே?"

ஜெஸ்மின் திகைத்தாள். "தெரிஞ்சா ஏங்க அப்பவே சொல்லல?"

"பிரேக் போடச் சொல்ல வேணாம்னியே" என்றார் அவர்.

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்தச் சாம்பல் துண்டிலேயே கண்ணாக, கூட்டம் குறையக் காத்திருந்தாள்.