அம்மன் படத்துக்கு அடியில் இருந்த நிறம்

நசரத்பேட்டையில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் மெக்கானிக் செல்வம் போன் செய்தான். "அண்ணே, லோகா அக்கா காலைல போய்ட்டாங்க," என்றான். மேனாம்பேட்டில் அக்காவின் பட்டறைக்குப் பழைய கார்களை ஓட்டிப்போன நம் எல்லோருக்கும் அன்று இதே செய்தி வந்திருக்கும். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தெரிகிற மரம் மரமல்ல. தகரத்தின் மேல் அக்காவின் கை இழுத்த ரேகைகள்.

அம்பத்தூரில் இரும்பு பீரோக்கள் தேக்கு மரம்போலத் தெரிய பெயின்ட் அடிக்கும் வேலையில் தொடங்கியவர் லோகநாயகி. பிறகு கார்களுக்கு வந்தார். என் வண்டியை முதல்நாள் பார்த்ததும் குனிந்து மோந்து பார்த்தார். பளபளப்புக்காக நான் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். "இன்னாப்பா, இத்தத் தலைன்னு நெனச்சிக்கினியா?" என்றார். பட்டறையே சிரித்தது, நானும்தான்.

ஸ்விட்சுகளுக்குக் கீழே பொறித்த எழுத்துகளில் வெள்ளை பெயின்டைத் தேய்த்து நிரப்பி, மேலே வழிந்ததைத் துடைத்தெடுப்பார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். ஆவடிக்காரர் ஒருவர் ஸ்பீடோமீட்டருக்குக் கீழே தன் பெயரையும் எழுதித் தரச்சொன்னார். "உன் பேர ஊட்டு வாசல்ல எழுதிக்க. இங்க கீறதெல்லாம் வண்டியோட எழுத்து," என்று அனுப்பிவிட்டார். கோபம் வந்தால் வாடிக்கையாளர் என்றெல்லாம் பார்க்கமாட்டார், தெரிந்ததுதானே.

என் வண்டியில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. வெயிலில் டாஷ்போர்டு வெளுத்துப்போய், முதலில் என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. நடுவில் மாங்காட்டு அம்மன் படம் ஒன்று இருந்தது. வண்டி வாங்கிய அன்று அப்பா ஒட்டியது. அதன் அடியில் வெயில் பட்டிருக்காது, எடுத்துப் பார்த்தால்தான் நிறம் தெரியும் என்றார் அக்கா. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் கையால ஒட்டினது. கிழிஞ்சா இந்த வண்டியில நான் ஏறமாட்டேன்," என்றாள். சொன்னால் செய்கிறவள். அப்பா போன பிறகு வெள்ளிக்கிழமை இந்த வண்டியில் கோயிலுக்குப் போவது ஒன்றுதான் அவள் வீட்டைவிட்டு வெளியே வரும் வழி. அதுவும் நின்றுவிடுமே என்று எனக்குப் பயம்.

அக்கா வாதாடவில்லை. அம்மாவை வரவழைத்து முன்சீட்டில் உட்காரவைத்தார். வேண்டாம் என்றால் அந்த நிமிடமே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். தலை உலர்த்தும் மெஷினால் சூடுகாட்டி, தையல் நூலைப் படத்துக்கு அடியில் விட்டுப் பசையை மெல்ல மெல்ல அறுத்தார். பாதியில் அம்மா "போதும்" என்றதும் நூலை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தும் தொடவில்லை. கடைசியில் அம்மாவே "சரி, எடு," என்றாள்.

படம் முழுசாக வந்தது. அடியில் புளியங்கொட்டை நிறம். "அம்மன்தான் பத்திரமா வச்சிகினு கீது, பாரும்மா," என்றார் அக்கா. "இதான். வண்டி வந்த அன்னிக்கு இதான்," என்று அம்மா அழுதாள்.

அந்தச் சதுரத்தை மட்டும் விட்டு மற்ற இடமெல்லாம் அதே நிறத்தில் ரேகை இழுத்துப் பெயின்ட் அடித்தார். படத்தை இந்தமுறை ஒட்டாமல் காந்தத்தில் நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு வேற யாராவது இத்தச் செய்வாங்க. அவங்களுக்கு நெறம் தெரிய வேணாமா?" என்றார். அந்த நாளை இவ்வளவு சீக்கிரம் நினைக்கவேண்டி வரும் என்று தெரியாமல் தலையாட்டினேன்.

அக்காவின் காரியம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். யாரையும் தொடவிடாத அந்தப் படத்தை அம்மா தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படம் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"லோகா அடிச்சது எங்கடா ஆரம்பிக்குது?"

நானும் குனிந்து தேடினேன். அப்பா வாங்கிவந்த நிறத்துக்கும் அக்கா அடித்த நிறத்துக்கும் நடுவே எனக்கு ஒரு கோடும் அகப்படவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இல்லாத கோடுதான். தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கும் தெரியல," என்று படத்தைத் திரும்ப வைத்தாள். "வண்டிய எடு."